கப்பல் போன பிறகு



காலியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதினமல்ல. மற்ற ஊர்களில் இருக்கும் சகோதரிகளுக்காக முதலில் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை, தென்மேல் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், பெரிய உல்லாசப் பிரயாணக் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வருகின்றன. பத்துப் பன்னிரண்டு மாடி ஹோட்டல் ஒன்று கடலில் நகர்ந்து வருவது போல இருக்கும். விடியற்காலையில் வந்து சேரும் கப்பலில் இருந்து, காலை உணவை முடித்துக்கொண்டு பிரயாணிகள் இறங்குவார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை ஏற்றிக்கொண்டு குளிரூட்டிய பஸ்கள் தெற்கு அதிவேகப் பாதையால் காலிக்குப் புறப்படும். 2011ஆம் ஆண்டு இந்தப் பாதை திறக்கப்பட்ட பிறகு, சுமார் 116 கிலோமீட்டர் தூரம் அவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. பத்து மணிக்கெல்லாம் கோட்டைத் தெருக்கள் தொப்பிகளாலும் கறுப்புக் கண்ணாடிகளாலும் நிறைந்துவிடும். வெளிச்சவீட்டடியில் படம் எடுப்பார்கள். கோட்டை மதில் மேல் நடப்பார்கள். ஒரு கடையில் ஏறி இன்னொரு கடையில் இறங்குவார்கள். பிற்பகல் அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அன்றிரவு கப்பல் வேறொரு நாட்டைப் பார்த்துப் போய்விடும்.

சிறிய கப்பல்கள் சில வேளைகளில் காலிக் குடாவுக்கே வருவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஒரு காலத்தில் காலிக்குக் கடலாலே வந்த விருந்தாளி, இன்று தரையாலே வருகிறார்.

இது ஏன் இப்படி ஆனது என்ற கதையில், பிள்ளைகளை வளர்க்கும் நமக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மாதம் உங்களைக் காலிக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன்.

கடலாலே வந்தவர்கள்

காலிக்குக் கப்பல் வருவது வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய விடயமல்ல. மொரோக்கோ நாட்டில் இருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிய இப்னு பதூதா, 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்தபோது காலியையும் கண்டிருக்கிறார். தமது பிரயாண நூலில் அதனை ஒரு சிறிய ஊர் என்றே குறிப்பிடுகிறார். அங்கே கப்பல் தலைவரான இப்றாஹீம் என்ற முஸ்லிம் ஒருவர் தம் வீட்டில் தமக்கு விருந்தளித்ததையும் எழுதி வைத்திருக்கிறார். சிறிய ஊர்தான். ஆனாலும் வந்த பிரயாணிக்குச் சோறு போட ஒரு வீடு இருந்தது.

அதன் பின்னர் சீன நாட்டுத் தளபதி ஷெங் ஹ வந்தார். அவர் முஸ்லிம் குடும்பமொன்றில் பிறந்தவர். அவரது கடற்பயணங்களின்போது நாட்டப்பட்ட, 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்த கல்வெட்டொன்று 1911ஆம் ஆண்டு காலியில் கண்டெடுக்கப்பட்டது. வடிகான் ஒன்றின் மூடியாகக் கவிழ்ந்து கிடந்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் எழுதப்பட்டிருக்கின்றன. இன்று அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. அறுநூறு வருடங்களுக்கு முன்பே இந்தக் கரையில் என்னென்ன மொழி பேசும் மக்கள் நடமாடினார்கள் என்பதற்கு அதை விடச் சாட்சி வேண்டியதில்லை.

1505இல் போர்த்துக்கேயர் வந்தனர். 1640இல் ஒல்லாந்தர் காலியைப் பிடித்தனர். இன்று நாம் காணும் பெரிய கோட்டை மதில் ஒல்லாந்தர் காலத்து வேலை. 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஆனால் அவர்கள் விட்டுச் சென்றவை நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றன. காலையில் சாப்பிடும் பாண், உட்காரும் கதிரை, உடுப்பு வைக்கும் அலுமாரி, பிள்ளைகளின் சப்பாத்து, பாவாடைக் கரையில் தைக்கும் றேந்தை, இவை அத்தனையும் போர்த்துக்கேயர் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள்தாம்.

நிலக்கரியும் தபாலும்

காலியின் பொற்காலம் என்று பெரியவர்கள் சொல்வது நீராவிக் கப்பல் காலத்தைத்தான். 1840களில் இருந்து பி. அண்ட் ஓ. கம்பனியின் தபால் கப்பல்கள் காலிக்கு வரத் தொடங்கின. அப்போது சுயஸ் கால்வாய் இல்லை. இங்கிலாந்தில் இருந்து வருபவர்கள் அலெக்சாந்திரியாவில் இறங்கி, எகிப்தைத் தரை மார்க்கமாகக் கடந்து, சுயஸில் மறுபடியும் கப்பல் ஏறி, ஏடன் வழியாகக் காலிக்கு வந்து சேருவார்கள். கல்கத்தாவுக்குப் போவோர், சீனாவுக்குப் போவோர், அவுஸ்திரேலியாவுக்குப் போவோர் என்று காலியில் வைத்துத்தான் பிரிந்து கப்பல் மாறினார்கள். இன்று விமானப் பிரயாணிகளுக்கு டுபாயும் டோஹாவும் எப்படியோ, அன்று கப்பல் பிரயாணிகளுக்குக் காலி அப்படி இருந்தது.

கப்பலுக்கு நிலக்கரி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கரித்தூசி கப்பலையே மூடிவிடும். எனவே பிரயாணிகள் கரைக்கு வந்து ஒன்றிரண்டு நாட்கள் தங்குவார்கள். ஒல்லாந்தர் கட்டிய பழைய கட்டடம் ஒன்று 1860களில் ஓரியண்டல் ஹோட்டலாக மாறியது இந்தப் பிரயாணிகளை நம்பித்தான். உலகச் செய்தியும் காலிக்கே முதலில் வந்தது. 1850களில் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகையார், கப்பலில் வந்த செய்திகளைச் சிறு தாளில் எழுதிப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்குப் பறக்கவிட்டார்கள். தந்திக் கம்பி வந்தது, புறாக்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று.

கப்பல் குடாவுக்குள் வந்ததும் சிறு வள்ளங்கள் அதைச் சூழ்ந்துகொள்ளும். நீலக்கல், மாணிக்கம், ஆமை ஓட்டுச் சீப்பு, கருங்காலி யானை, றேந்தைத் துணி என்று வியாபாரிகள் கப்பல் தட்டுக்கே ஏறிவிடுவார்கள். காலி முஸ்லிம்கள் பலரும் இந்த வியாபாரத்தில் இருந்தார்கள். அக்காலப் பிரயாணிகள் எழுதி வைத்த குறிப்புகளில் இரண்டு விதமான வியாபாரிகளைக் காணலாம். ஒரு சாரார் பத்து மடங்கு விலை சொல்லி, கடைசியில் ஒரு மடங்குக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். கண்ணாடித் துண்டைக் கல் என்று விற்றவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். மற்றைய சாரார் கல்லை அறிந்தவர்கள். சொன்ன சொல்லில் நின்றவர்கள். இந்த இரண்டு சாராரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

றேந்தை போட்ட கைகள்

தொண்ணூறுகளில் நான் காலிக் கோட்டைக்குள் ஓதிக்கொண்டிருந்த காலம். 1892ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பஹ்ஜதுல் இப்றாஹிமிய்யா அரபுக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அஸர் தொழுகை முடிந்ததும் மாணவர்கள் நாங்கள் மதில் பக்கமாக நடந்து, 1904இல் கட்டப்பட்ட மீரான் ஜும்ஆப் பள்ளியையும் வெளிச்சவீட்டையும் தாண்டிக் கொடிப்பாறை வரை போவோம். தெவுந்தர முனைக்குத் தெற்கால் கிழக்கும் மேற்குமாகப் போகும் கப்பல் பாதை அங்கிருந்து தெரியும். அடிவானத்தில் ஒன்றன் பின் ஒன்றாகக் கப்பல்கள் போய்க்கொண்டிருக்கும். ஒன்றும் காலிப் பக்கம் திரும்பாது. மஃரிப் நேரத்தில் அவற்றின் விளக்குகள் நட்சத்திரம் போலத் தெரியும்.

கல்லூரிக்கு அண்மையில் ஒரு வயோதிபத் தாய் இருந்தார். மாணவர்கள் எல்லோருக்கும் அவர் மாமிதான். வீட்டுத் திண்ணையின் உட்புறமாக உருளைத் தலையணை ஒன்றை வைத்துக்கொண்டு றேந்தை பின்னுவார். மாதிரி வரைந்த கடதாசியைத் தலையணையில் பொருத்தி, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளைச் சோடி சோடியாக மாற்றி மாற்றிப் போடுவார். அந்தக் கட்டைகளுக்குப் பீரலு என்று பெயர். அவை ஒன்றோடொன்று மோதும் சத்தம் தெருவில் போகும்போது கேட்கும். விரல் நீளத்துக்குப் பூவேலை வர ஒரு பகல் பொழுது போய்விடும்.

அவரது கணவரின் மூத்தும்மா காலத்தில் காலிக்குக் கப்பல் வந்ததாம். கப்பல் வருகிறது என்று தெரிந்தால் பெட்டிக்கார வியாபாரி வீட்டுக்கு வந்து, இத்தனை யார் றேந்தை வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவாராம். வீட்டுப் பெண்கள் இரவிரவாகக் குப்பி விளக்கில் பின்னிக் கொடுப்பார்களாம். "கப்பல அவங்க கண்டதே இல்ல மகன். கப்பல்ல உள்ளவங்கதான் அவங்கட றேந்தயக் கண்டாங்க" என்று மாமி சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு வியாபாரி என்ன கொடுத்தார், வெள்ளைக்காரியிடம் அவர் என்ன வாங்கினார் என்று கேட்டேன். மாமி சிரித்தார். "வாங்கினது அவருக்குத் தெரியும், கொடுத்தது எங்களுக்குத் தெரியும்" என்றார்.

கப்பல் திரும்பிய திசை

காலித் துறைமுகத்துக்கு ஒரு குறை இருந்தது. குடாவுக்குள் பாறைகள் அதிகம். தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது கப்பலுக்குப் போதிய பாதுகாப்பும் இல்லை. 1871 நவம்பரில் 'ரங்கூன்' என்ற பி. அண்ட் ஓ. தபால் கப்பல் துறைமுக வாயிலில் பாறையில் மோதி மூழ்கியது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர் 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டிருந்தது. கப்பல்களின் தொகையும் பருமனும் கூடிக்கொண்டே போயின. கோப்பியும் பிறகு தேயிலையும் மலைநாட்டில் இருந்து ரயிலில் கொழும்புக்குத்தான் வந்தன.

கொழும்பில் செயற்கைத் துறைமுகம் கட்ட அரசாங்கம் தீர்மானித்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு மதிலுக்கு அடிக்கல் நாட்டினார். மதில் முழுமையாக முடிந்தது 1885இல். ஆனால் அதற்கு முன்பே, 1882இல், பி. அண்ட் ஓ. கப்பல்கள் கொழும்புக்கு மாறிவிட்டன.

காலி ஒரே நாளில் பாழாகிவிடவில்லை. சாமான் கப்பல்கள் தொடர்ந்து வந்தன. ஆனால் பிரயாணியை நம்பி இருந்தவர்களின் பிழைப்பு விழுந்தது. வள்ளக்காரன், கூலியாள், வண்டிக்காரன், கப்பல் தட்டில் ஏறி விலை கூவியவன், இரவிரவாகப் பின்னிக் கொடுத்த பெண், இவர்கள் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. கப்பல் தன் வசதிக்காக வந்தது, தன் வசதிக்காகப் போய்விட்டது. அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போது அந்த இரண்டு சார் வியாபாரிகளையும் நினைத்துப் பாருங்கள். கூவி விற்பதை மாத்திரம் தொழிலாகக் கொண்டவர்களுக்குக் கப்பல் இல்லாவிட்டால் தொழிலும் இல்லை. கல்லை அறிந்தவர்களோ, அறிவைக் கையோடு எடுத்துக்கொண்டு கப்பல் போன இடத்துக்கே போனார்கள். ஓ. எல். எம். மாக்கான் மாக்கார் அவர்கள் 1860இல் காலியில் தொடங்கிய இரத்தினக்கல் வியாபாரம் பின்னர் கொழும்பில் பெயர்பெற்று விளங்கியதை நம்மவர்கள் அறிவார்கள். கப்பல் ஏறி விற்றவர்களில் ஒருவர்தான் அவரும். வள்ளத்தையும் இறங்குதுறையையும் காலியிலேயே விட்டுவிட்டுப் போகலாம். கல்லைப் பார்க்கும் கண்ணும் நல்ல பெயரும் மனிதனோடு கூடவே போகும்.

ஒரு தாயின் கேள்வி

இந்தப் பழங்கதையை நான் எடுத்ததற்குக் காரணம், கொஞ்ச நாட்களுக்கு முன்னர் தென்பகுதிச் சகோதரி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி. அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. அடுத்து சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியவன். கப்பல் வரும் நாட்களில் பாடசாலைக்குப் போவதில்லை. கோட்டைக்குப் போய், பிரயாணிகளுக்கு வழி காட்டுவதும், அவர்களைக் கடைக்கு அழைத்துப் போய்த் தரகு வாங்குவதுமாக இருக்கிறான்.

"ஒரு கப்பல் வந்தா ஐயாயிரம் கொண்டு வாறான் ஹஸ்ரத். போன மாசம் லைட் பில் கட்டினதே அந்தக் காசிலதான். படிச்சவங்களுக்கே வேல இல்லாத காலத்துல இவன என்னண்டு நான் தடுக்கிற?" என்று கேட்டார்.

அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டு அடுப்பெரியும் கணக்கு அவருக்குத்தான் தெரியும். அவரது கணவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். வண்டி பழுதானால் அந்த வாரம் வருமானம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஐயாயிரம் ரூபாய் சின்னத் தொகையல்ல.

நான் ஒரு கணக்கு மாத்திரம் கேட்டேன். "போன பருவத்தில் மகன் எத்தனை நாள் இப்படிக் காசு கொண்டு வந்தார்?" சகோதரி விரல் விட்டு எண்ணினார். பத்து நாள் வந்தது. பத்து நாளைக்கு ஐம்பதினாயிரம். மே மாதம் தொடங்கினால் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், கப்பல் வராது. எனவே அந்த ஐம்பதினாயிரத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் நாலாயிரத்துச் சொச்சம். நாளைக்கு ஐயாயிரம் என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிந்த தொகை, வருடக் கணக்கில் இவ்வளவுதான். அதற்காகப் பாடசாலையில் விடுபட்டது பத்து நாட்கள் மாத்திரமல்ல. கப்பல் வந்தாலும் வரும் என்று காத்திருந்த நாட்களும் இருக்கின்றன. கையில் காசு கண்ட பிள்ளைக்குப் புத்தகத்தில் மனம் போகாத நாட்களும் இருக்கின்றன.

அண்மைக் காலத்தில் கண்டது

1882 பழைய கதை என்று சொல்பவர்களுக்கு நேற்றைய கதையைச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. உல்லாசப் பிரயாணிகளின் வருகை நின்றது. மெல்ல நிமிர்ந்து வரும்போது 2020 மார்ச்சில் கொரோனா வந்து உலகமெங்கும் பிரயாணக் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. அதிலிருந்து எழும்ப முன்னர் 2022இல் எண்ணெய்க்கும் சமையல் வாயுவுக்கும் நாம் வரிசையில் நின்றோம். நாலு வருடத்துக்குள் மூன்று தடவை. 2022 நவம்பரில் 'வைக்கிங் மார்ஸ்', 'மெய்ன் ஷிஃப் 5' போன்ற கப்பல்கள் மீண்டும் கொழும்புக்கு வந்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! அடுத்த வருடக் கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கின. ஐரோப்பாவில் இருந்து சுயஸ் வழியாக வரவேண்டிய பிரயாணக் கப்பல்கள் பல பாதையை மாற்றின, சில பயணங்கள் இரத்தாயின. யெமன் கரையில் நடப்பது காலியில் ஒரு குடும்பத்தின் உலையில் விழும் அரிசியைத் தீர்மானிக்கிறது.

கொரோனாக் காலத்தில் நடந்த இன்னொரு சம்பவம் உங்களுக்கு ஞாபகமிருக்கலாம். 2020 ஏப்ரலில் 'எம்.எஸ்.சி. மெக்னிபிகா' என்ற பெரிய கப்பல் கொழும்புக்கு வந்தது. அதில் சமையற்காரராக இருந்த இலங்கையர் ஒருவர் தம்மை இறக்கிவிடும்படி சமூக ஊடகம் மூலம் கெஞ்சினார். கடற்படையினர் அவரை இறக்கி எடுத்துத் தனிமைப்படுத்தினார்கள். வெளியில் இருந்து பார்த்தால் மாளிகை. உள்ளே அடுப்படியிலும் சலவை அறையிலும் நிற்பவர்கள் ஏழை நாட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கும் வீட்டில் உம்மா காத்திருக்கிறார்.

பிரயாணியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவருடைய சாப்பாடும் படுக்கையும் கப்பலிலேயே. பெரும்பாலானவர்கள் பஸ்ஸுக்கும் வழிகாட்டிக்கும் கப்பலிலேயே காசு கட்டிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். அந்த ஒழுங்கைச் செய்யும் கம்பனிக்கு ஒரு பங்கு, பஸ்காரருக்கு ஒரு பங்கு. கடைசியில் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் தெருவில் அவர் செலவழிப்பதுதான் ஊருக்கு மிஞ்சும். அதற்குத்தான் இத்தனை பேர் ஓடுகிறார்கள்.

பையன் சொன்ன பதில்

அந்தப் பையனைப் பிறகு நான் சந்தித்தேன். கெட்டிக்காரன். ஆங்கிலம் பேசுகிறான், ஜெர்மன் மொழியில் முப்பது நாற்பது வார்த்தைகளும் தெரியும். பிரயாணிகள் உன்னிடம் என்ன கேட்பார்கள் என்றேன். "கோட்டைப் பழைய வாசலுக்கு மேலே இருக்கும் சேவல் படம் என்னவென்று ஒரு பெண்மணி கேட்டா ஹஸ்ரத். நான் ரொம்பப் பழசு என்று சொல்லிட்டன்" என்றான். ஒல்லாந்துக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் அந்த வாசலில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆயிரம் தடவை அதற்குக் கீழால் போன பிள்ளைக்குத் தெரியவில்லை.

பையனிடம் நான் கோட்டைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. பாடசாலை விடுமுறையிலும் சனி ஞாயிறிலும் போகலாம் என்றேன். ஆனால் சாதாரண தரத்தை முடி. ஆங்கிலத்தை ஒழுங்காக எழுதப் படிக்கக் கற்றுக்கொள். உன் ஊர்ச் சரித்திரத்தைப் படி. அதற்குப் பிறகு சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற வழிகாட்டியாகலாம். அதற்குப் பயிற்சியும் பரீட்சையும் இருக்கின்றன. கல் வியாபாரம்தான் விருப்பம் என்றால், பட்டை தீட்டவும் கல்லை இனங்காணவும் முறையாகக் கற்று, தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் அனுமதிப்பத்திரத்தோடு செய்யலாம். அப்போது கப்பல் வந்தால் உனக்கு இலாபம், வராவிட்டாலும் நீ வெறுங்கையன் அல்ல என்றேன்.

பரீட்சை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான். தாயும் ஒரு காரியம் செய்திருக்கிறார். கப்பல் காசு வந்தால் முழுவதையும் செலவுக்கு எடுக்காமல், பாதியை மகனின் பெயரில் வங்கியில் போடுகிறார். லைட் பில்லுக்கு என்ன வழி என்று கேட்டேன். "இடியப்பம் அவிச்சு ரெண்டு கடைக்குக் குடுக்கிறன். அது மழை வந்தாலும் விக்கும் ஹஸ்ரத்" என்றார். நான் நீளமாகச் சொன்னதை அவர் ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிட்டார்.

பெண்கள் கையில் இருப்பது

சகோதரிகளே, கைத்தொழில் செய்யும் உங்களுக்கும் ஒரு சொல். றேந்தை, பன், பிரம்பு, தையல் என்று வீட்டில் இருந்தபடியே எத்தனையோ பேர் உழைக்கிறீர்கள். உங்கள் பொருள் கடைக்குப் போய் என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது கேட்கக் கூடாத கேள்வியல்ல. எத்தனை நாள் வேலை, நூலுக்கு என்ன செலவு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்து அதன்படி விலை சொல்லுங்கள். கப்பல் பிரயாணிக்கு மாத்திரம் பின்னாமல், நம் ஊர்க் கல்யாண வீடுகளுக்கும் பிள்ளைப் பெறுமதி வீடுகளுக்கும் பின்னுங்கள். பக்கத்து வீட்டு வாடிக்கையாளர் பருவக்காற்றுக்குத் திசை மாறமாட்டார்.

கோட்டைக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னுமொரு சோதனை உண்டு. 1988இல் யுனெஸ்கோ காலிக் கோட்டையை உலக மரபுரிமையாக அறிவித்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி காலி நகரத்தை அழித்தபோது, ஒல்லாந்தர் மதில் கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெருமளவு காப்பாற்றியது. அந்த அலைக்குத் தப்பிய பல வீடுகள், இந்தச் சில பத்தாண்டுகளில் நல்ல விலைக்கு விற்கப்பட்டு ஹோட்டல்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. கடனுக்காகவும் பெண் பிள்ளைகளின் கல்யாணத்துக்காகவும் விற்றவர்கள் இருக்கிறார்கள். பங்கு பிரிக்க வழியின்றி விற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் விற்பதற்கு முன்னர், முன் அறையை வாடகைக்குக் கொடுத்து உறுதியை வைத்துக்கொள்ள முடியுமா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். இப்னு பதூதாவுக்கு விருந்தளித்தவரிடம் அவருக்கென்று ஒரு வீடு இருந்தது. வீட்டை விற்றவர் அதே வாசலில் காவலாளியாக நின்று விருந்தாளிக்குக் கதவு திறப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நமது துறைமுக நகரங்களின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் கப்பலில் வந்தவர்கள்தாம். கரையில் நின்றவர்கள் எழுதவில்லை. வீட்டுக்குள் இருந்த பெண்கள் அறவே எழுதவில்லை. காலியிலும் வெலிகமயிலும் பேருவளையிலும் திருகோணமலையிலும் இன்னும் எத்தனையோ மூத்தும்மாமார் இருக்கிறார்கள். கப்பல் வந்த காலத்தில் வீட்டில் என்ன சமைத்தார்கள், யாருக்குப் பின்னிக் கொடுத்தார்கள், கப்பல் நின்றபோது எப்படிச் சமாளித்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் மனதில் இருக்கின்றன. நான் சொன்ன மாமி பல வருடங்களுக்கு முன்னர் வபாத்தாகிவிட்டார். அவரிடம் இருந்த பீரலுக் கட்டைகளில் எந்தக் கட்டை யாருடையது என்று சொல்ல இப்போது அந்த வீட்டில் ஆளில்லை.

இந்த விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரு நாற்பது பக்கக் கொப்பியைக் கொடுத்து, மூத்தும்மாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் பெயரையும் பிறந்த ஊரையும் எழுதட்டும். மற்றதை மூத்தும்மா சொல்லிக் கொடுப்பார்.